அழுகைப் பாட்டு மட்டும்

ஒற்றை மூங்கில் ஏணியில் நின்று பாடுவதில் ஒரு வசதி உண்டு. இரண்டு கைகளும் மிளகுக் கொடியில் இருக்கும். ஆட முடியாது. ஆடாமல் பாடினால் மணிவண்ணனுக்கு மூச்சு நிதானமாக வரும்.

சில்வர் ஓக் மரத்தின் பாதி உயரத்தில் இருந்தான். மாசி மாதத்துப் பனி இன்னும் விலகவில்லை. கொடியைத் தொட்டால் முழங்கை வரை நனைந்தது. ஒன்றிரண்டு மணிகள் சிவந்த சரங்களாகப் பார்த்துப் பறித்து, இடுப்பில் கட்டிய சாக்குப் பையில் போட்டான். வாய் தானாக லாரிப் பாட்டில் இருந்தது. லாரி கிளீனர் ஒருவன் வழிநெடுக ஒரு பெண்ணைச் சீண்டிக்கொண்டே போகும் சினிமாப் பாட்டு அது. வார்த்தைகள் பட்டாசுச் சரம் மாதிரி வெடித்துக்கொண்டு வரும். நடுவில் மூச்சு விட இடமிருக்காது. வளப்பூர் நாட்டு மலையூர்களில் அதை முழுதாகப் பாடக்கூடிய ஒரே ஆள் அவன்தான்.

கீழே உதிர்ந்த மிளகைப் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா பாப்பாத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"மணி, வாயை மூடிட்டுப் பறி சாமி."

"இங்க யாரும்மா இருக்கறா?"

"கீழ்க்காட்டுல ஆளுங்க பறிக்கறாங்க. பொழுது சாயறதுக்குள்ள உங்க மாமனூட்டுக்குச் சேதி போயிரும். இன்னும் ஒரு மாசந்தான். பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு."

"பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பாட முடியாதும்மா."

தங்கை பானுமதி அடுத்த மரத்தடியில் சாக்கை விரித்துக்கொண்டிருந்தாள். "ஓடைப் பாட்டுப் பாடுண்ணா. அதுக்குத்தான் பர்மிசன் இருக்குதில்ல."

"நீ பேசாத. எல்லாம் உனக்காகத்தான்."

அவள் சாக்கின் ஓரத்தை இழுத்து நேராக்கினாள். அவன் சொன்னது உண்மை.

மணிவண்ணனின் மனைவி சுகுணா போன பங்குனியில் இறந்தாள். மனைவி செத்தவன் வருஷம் திரும்பும்வரை கோயில் நோம்பிக்கும் கல்யாணத்துக்கும் போகக்கூடாது. மேளம் கொட்டும் இடத்தில் நிற்கக்கூடாது. வருஷம் முடிந்ததும் மாமனார் வந்து அவன் தலையில் உருமால் கட்ட வேண்டும். அந்தத் தலைப்பாகைத் துணி ஏறினால்தான் வீட்டுக்குத் துக்கம் கழிந்தது. மாமனார் வர மறுத்துவிட்டால் வீட்டில் எந்த நல்ல காரியமும் செய்ய முடியாது. பானுமதிக்குக் காளப்பநாயக்கன்பட்டியில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். உருமால் கட்டிய பிறகுதான் முகூர்த்தம் குறிக்க வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டாரும் காத்திருந்தார்கள்.

பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. ஈரக்கையால் எடுத்தான். வாசலூர்பட்டி லாட்ஜ் முதலாளி யுவராஜ்.

"மாப்ள, இந்தச் சனிக்கிழமை ரூம் எல்லாம் ஃபுல்லு. சேலத்துல இருந்து ஒரு குரூப்பு வருது. ஓடைப் பாட்டைச் சாப்பாட்டுக்கு முன்னால ஒருக்கா, பின்னால ஒருக்கா பாடிரு."

"ஒரே பாட்டை எத்தனை வாட்டிடா பாடறது?"

"அதைக் கேக்கத்தான வாராங்க" என்று சொல்லி யுவராஜ் போனை வைத்தான்.

மணிவண்ணன் பி.காம். முடித்தவன். வாரக் கடைசியில் யுவராஜின் லாட்ஜில் வரவேற்பு மேசையைப் பார்த்துக்கொள்வான். லாட்ஜ் படகு ஏரிக்கு எதிரில் இருக்கிறது. முற்றத்தில் ஒரு பெரிய டிவி, ஒரு ஸ்பீக்கர், வயரில்லாத இரண்டு மைக். சனிக்கிழமை இருட்டியதும் கரோக்கே. இசை மட்டும் ஓடும், வந்து தங்குகிறவர்கள் பாடுவார்கள். லேப்டாப்பைக் கவனித்துக்கொள்வது ஜான்பீட்டர் வாத்தியார். திண்டுக்கல் பக்கத்துக்காரர். மலைக்கு மாற்றலாகி வந்து நடுநிலைப்பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். ஊரில் சர்ச் பாடகர் குழுவில் இருந்தவர்.

முதல் தடவை மைக் வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் மணிவண்ணன் இரண்டு வரி பாடினான். ஸ்பீக்கரில் தன் குரல் திரும்பி வந்ததைக் கேட்டபோது முதுகு நிமிர்ந்துகொண்டது. பிறகு சனிக்கிழமை என்றால் அவனும் ஒரு பாட்டுக்காரன். தனக்குக் கடன்பட்டவன் முன்னால்கூட குரலெடுத்துப் பேசத் தெரியாதவன், முன்பின் தெரியாத ஐம்பது பேருக்கு முன்னால் கண்ணை மூடாமல் பாடினான்.

ஒரே குறை, முந்துவான். டிவியில் பாட்டின் வரிகள் வெள்ளையாக வந்து, பாட வேண்டிய நேரத்தில் நீலமாக மாறும். நீலம் வந்து சேர்வதற்குள் அவன் வரியை முடித்துவிட்டு நிற்பான். சுகுணாவுக்குப் பாட வராது. முற்றத்தின் கடைசியில், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றுகொள்வாள். அவன் ஓடத் தொடங்கினால் இடுப்பு உயரத்தில் உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்ல அமுக்கிக் காட்டுவாள். அவன் அதைப் பார்த்து வேகத்தைக் குறைப்பான். வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியின் பின்னால் உட்கார்ந்துகொண்டு கேட்பாள்: "ஏனுங்க, டிவிக்காரன் வர்றதுக்குள்ள அப்படி என்னங்க அவசரம்? கடைசி பஸ்ஸா புடிக்கப் போறீங்க?"

காய்ச்சல் மூன்று நாள் இருந்தது. கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போது கொண்டை ஊசி வளைவுகளில் அவள் தலை அவன் மடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தது. திரும்பி ஏறும்போதும் அப்படித்தான் சாய்ந்தது.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை, மேசையில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் எழுந்துபோய் லாரிப் பாட்டைப் பாடினான். அன்று நன்றாக இருந்தது. அவ்வளவுதான் அவனால் சொல்ல முடியும்.

ஏரியின் அக்கரைச் சரிவில் சுகுணாவின் அப்பா அம்மா வீடு இருந்தது. தண்ணீர் மேல் சத்தம் தடையில்லாமல் போகும். இது அவனுக்குத் தெரியாததல்ல. அன்றைக்கு நினைவில் இல்லை.

மறுநாளே ஊர்க்கவுண்டர் வீட்டு வாசலில் கூடிவிட்டார்கள். மாமனார் சின்னுசாமிக்குக் கட்டில் போட்டார்கள். அவர் உட்காரவில்லை.

"எம்புள்ள போயி ஆறு மாசம் ஆகலீங்க. மாப்ளை மைக்கைப் புடிச்சுக்கிட்டு எவளையோ கூப்புடறாரு. நாங்க சோத்துல கை வெச்சிருந்தோம். அப்படியே கையைக் கழுவிட்டோம்."

"அது சினிமாப் பாட்டுங்க மாமா. நான் யாரையும் கூப்புடலீங்க" என்றான் மணிவண்ணன்.

"அக்கரையில உக்காந்து கேக்கறவனுக்கு அது எப்படிங்க தெரியும்?"

ஊர்க்கவுண்டர் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினார். "மேளம் கொட்டற எடத்துல நிக்கக்கூடாது. அதான் வழமை. அந்த மிசின்ல மேளம் கொட்டறதுக்கு ஆளு இருக்குதா?"

எல்லோரும் ஜான்பீட்டரைப் பார்த்தார்கள். அவரையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

"மேளச் சத்தம் வருங்கய்யா. ஆனா ஆள் கிடையாது. கம்ப்யூட்டர்லயே வந்துரும்."

"ஆளில்லாத மேளமா." கவுண்டர் கொஞ்ச நேரம் ஏரிப் பக்கம் பார்த்தார். "பாடவே கூடாதுன்னும் சொல்ல முடியாது. எழவு ஊட்டுலயும்தான் பாடறாங்க. அதனால அழுகைப் பாட்டுன்னா பாடிக்கட்டும். அதை ஒப்பாரிக் கணக்குல வெச்சுக்குவோம். ஆட்டப்பாட்டுக் கூடாது. உருமால் கட்டற வரைக்கும். என்ன சின்னு?"

சின்னுசாமி தலையை ஆட்டினார்.

"எது அழுகை, எது ஆட்டம்னு யாருங்க சொல்றது?" என்று கேட்டான் மணிவண்ணன்.

"வாத்தியாரு சொல்லட்டும். படிச்சவரு."

ஜான்பீட்டர் நாற்காலியில் நெளிந்தார். "ஐயா, சில பாட்டுல வார்த்தை அழுகையா இருக்கும், தாளம் ஆட்டமா இருக்குமே?"

"தாளத்தைப் பாருங்க சார். அக்கரைக்கு வார்த்தை போறதில்ல. தாளந்தான் போகும்."

திரும்பி வரும் வழியில் ஜான்பீட்டர் தன் லேப்டாப்பில் உள்ள பாட்டுகளை மனதிலேயே ஓட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"எத்தனை சார் மிஞ்சுது?"

"உன் வேகத்துக்கு ஒண்ணும் மிஞ்சல மணி. ஓடைப் பாட்டு ஒண்ணு இருக்கு. அதுக்கு மேளமே கிடையாது."

ஓடைக்கரையில் நின்று ஒருவன், போனவள் எந்த வழியாகப் போனாள் என்று தண்ணீரைக் கேட்பதாக வரும் பாட்டு. மெதுவாக, மிக மெதுவாகப் போகும். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். மணிவண்ணனுக்கு அந்தப் பாட்டு எந்தக் காலத்திலும் பிடித்ததில்லை. சுகுணாவுக்கும் பிடிக்காது. டிவியில் வந்தால் எழுந்துபோய் பாத்திரம் கழுவுவாள்.

அந்தப் பாட்டால்தான் அவனுக்குப் பெயர் வந்தது.

சேலத்துக் கூட்டம் சனிக்கிழமை காலையிலேயே வந்துவிட்டது. நாள் முழுக்க அருவிக்கு இறங்கி ஏறிய களைப்பில் இருட்டியதும் முற்றத்தில் வந்து உட்கார்ந்தார்கள். குளிருக்குப் பெண்கள் தலையில் துண்டு போட்டிருந்தார்கள். சமையலறையிலிருந்து மிளகு போட்ட நாட்டுக்கோழி வறுவல் வாசம் வந்தது. மூடுபனி ஏரியிலிருந்து எழுந்து டிவியின் வெளிச்சத்துக்குள் நுழைந்து போனது.

யுவராஜ் மைக்கை எடுத்தான்.

"இப்ப நம்ம மணிவண்ணன் பாடுவாரு. கண்ணாலமாகி ரெண்டே வருசத்துல சம்சாரத்தைப் பறிகொடுத்தவரு. அவங்களை நெனச்சு ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்த ஏரிக்கரையில பாடறாரு."

கூட்டம் பேச்சை நிறுத்தியது. யாரோ போனைத் தூக்கிப் படம் பிடிக்கத் தொடங்கினார்கள். மணிவண்ணன் பாடினான். முந்தவில்லை. அந்தப் பாட்டில் முந்துவதற்கு எதுவுமில்லை. அவன் மனதில் எதுவும் ஓடவில்லை. களத்தில் காயப்போட்ட மிளகைச் சாக்குப் போட்டு மூடினோமா என்று மட்டும் ஒருமுறை யோசித்தான். பாடி முடித்தபோது முன்வரிசையில் மூன்று பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மா எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீங்க மைக்கைத் தொட்டதுமே எனக்கு அழுகை வந்துருச்சு. பாட்டு காதுலயே ஏறல."

"சரிங்கம்மா" என்றான்.

அடுத்து சேலத்து ஆள் ஒருவர் லாரிப் பாட்டைப் போடச் சொன்னார். பல்லவியில் பாதி வார்த்தையை விழுங்கினார். சரணத்தில் மூச்சு முட்டி நின்று, சிரித்து, "இவ்ளோதாங்க தெரியும்" என்று மைக்கை நீட்டினார். கூட்டம் கைதட்டி விசிலடித்தது. தாளம் ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மணிவண்ணனின் பெருவிரல் மேசைக்கடியில் தட்டிக்கொண்டிருந்தது.

"உங்களுக்குத் தெரியுமாங்க? வந்து முடிச்சு விடுங்க" என்றார் அந்த ஆள்.

"தெரியாதுங்க."

ஜான்பீட்டர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பின் ஓடைப் பாட்டை இரண்டாம் முறையும் பாடி, எல்லோரும் எழுந்த பிறகு மணிவண்ணன் சமையலறை வாசலில் யுவராஜை நிறுத்தினான்.

"சுகுணா கதையை மைக்குல சொல்லாதடா."

"பேரைச் சொல்லலியே மாப்ள. சம்சாரம்னுதான சொன்னேன்."

"எதையும் சொல்லாத. பாட்டுக்குக் கை தட்டட்டும்."

"கோவிச்சுக்காத. நீ பாடறது பாதி, நான் சொல்றது பாதி. நான் சொல்லாட்டி, சும்மா யாரோ ஒரு ஆளு பாடற மாதிரித்தான் இருக்கும்."

"சும்மா ஒரு ஆளாத்தான்டா பாடணும்."

யுவராஜுக்கு அது புரியவில்லை. கோழிச்சாறு ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டு, "போய்ச் சாப்புடு, களைச்சிருக்கற" என்றான்.

பங்குனியில் மாமனார் வந்தார். மாமியார் ராமாயி, ஊர்க்கவுண்டர், அக்கரை ஆட்கள் நாலைந்து பேர். அம்மா விடியலிலேயே எழுந்து சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் ஆக்கியிருந்தாள். மணிவண்ணனுக்குத் தலையில் தண்ணீர் ஊற்றிக் கிழக்கு பார்க்க உட்கார வைத்தார்கள். சின்னுசாமி புதுத்துணியைப் பிரித்து அவன் தலையைச் சுற்றிக் கட்டினார். பலமாக இழுத்துக் கட்டியதில் ஒரு காது மடங்கிக்கொண்டது. யாரும் அதைச் சரி செய்யவில்லை. அவனும் செய்யவில்லை. பானுமதி கதவோரம் நின்று மூச்சை விட்டது அவனுக்குக் கேட்டது.

"சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டீங்க மாப்ளே. இனிமே எதை வேணாப் பாடுங்க. நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்" என்றார் சின்னுசாமி.

இலை போட்டார்கள். மணிவண்ணனுக்கு ரொம்ப நாள் கழித்துப் பசித்தது. மனதுக்குள் லாரிப் பாட்டின் முதல் வரி வந்து நின்றுகொண்டிருந்தது. இரண்டாம் முறை சோறு வாங்கியபோது மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க மாப்ளே, ஒண்ணு கேக்கறேன். அந்த ஓடைப் பாட்டை மட்டும் உட்டுறாதீங்க."

அவன் அவளைப் பார்த்தான்.

"சனிக்கிழமையானா வேலையை நேரமே முடிச்சுட்டு, வாசல் லைட்டைப் போட்டுட்டு, நாங்க ரெண்டு பேரும் வெளிய வந்து உக்காந்துக்குவோமுங்க. உங்க மாமா மத்த நாள்ல வாயைத் தொறக்கறதே இல்லீங்க. அந்தப் பாட்டு வந்தாத்தான் அழுவாரு. அழுதாருன்னா அன்னைக்கு ரெண்டு வாய் சாப்புடறாரு. நீங்க புள்ளைய நெனச்சுப் பாடறப்ப, எங்களுக்கு அவளே எதிர்க்கரையில நிக்கற மாதிரி இருக்குதுங்க."

சாமைச் சோற்றை மென்றுகொண்டிருந்தான். அவளை நினைத்துப் பாடவில்லை என்று சொல்லலாம். அந்தப் பாட்டு வந்தால் உங்கள் மகள் பாத்திரம் கழுவப் போய்விடுவாள் என்று சொல்லலாம்.

"சரிங்கத்தை" என்றான்.

அவர்கள் போன பிறகு பானுமதி இலைகளை எடுத்துக்கொண்டே கேட்டாள். "எதுக்குண்ணா சரின்ன?"

"வாயில சோறு இருந்துச்சு."

"ஒரு வருசம் எனக்காக வாயை மூடிட்டு இருந்த. இனி அவங்களுக்காகவா? உன் வயசுக்கு இப்படிக் கேட்டுக்கிட்டு இன்னும் எத்தனை பேரு வருவாங்க."

"இலையை எடு."

"எடுக்கறேன். நாளைக்குச் சனிக்கிழமை. நீ என்ன பண்றேன்னு பாக்கறேன்."

மறுநாள் மதியத்திலிருந்தே வானம் மூடாக்குப் போட்டிருந்தது. மழை வரவில்லை. இருட்டியதும் பனியும் வரவில்லை. ஏரி துடைத்த மாதிரி கிடந்தது. அக்கரைச் சரிவில் ஒரு வாசல் லைட் எரிந்தது. மணிவண்ணன் அதைப் பார்க்காமல் இருக்க மேசையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தான். பிறகு பழையபடியே போட்டான்.

"இன்னைக்கு எதுவும் சொல்லாத. பேரை மட்டும் சொல்லு" என்றான் யுவராஜிடம்.

யுவராஜ் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேரை மட்டும் சொன்னான்.

"எது?" என்று கேட்டார் ஜான்பீட்டர்.

"லாரி."

வாத்தியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "ரொம்ப நாளாச்சே. வேகத்தைக் கொஞ்சம் குறைச்சுப் போடட்டுமா?"

"வேண்டாங்க சார்."

தாளம் விழுந்தது. திரையில் வெள்ளை எழுத்து வந்தது. மணிவண்ணன் வாயைத் திறந்தான். திறப்பதற்குள் முதல் மூன்று வார்த்தை நீலமாகிவிட்டிருந்தது. ஓடிப் பிடிக்கப் பார்த்தான். நீலம் அவனுக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பிந்தினான். ஓடைப் பாட்டு அவன் நாக்கில் ஏழு மாதம் படுத்துக்கிடந்திருக்கிறது. சரணத்தில் ஒரு வரியை முழுதாக விட்டான். உட்கார்ந்திருந்தவர்கள் போனைப் பார்த்தார்கள். முடிந்தபோது மரியாதைக்குக் கொஞ்சம் கை தட்டினார்கள்.

போன மாதம் வந்து, மறுபடி வந்திருந்த ஒருவர் உரக்கச் சொன்னார். "தம்பி, அந்தச் சோகப் பாட்டைப் பாடுங்க. அதைக் கேக்கணும்னுதான் வீட்டுக்காரியக் கூட்டிட்டு வந்தேன்."

யுவராஜ் பக்கத்தில் வந்தான். குரலைத் தாழ்த்தி, "பரவால்ல மாப்ள. ஓடைப் பாட்டைப் பாடிரு, சரியாயிரும். அக்கரையிலயும் உக்காந்திருக்கறாங்க பாரு" என்றான்.

லைட் எரிந்துகொண்டிருந்தது. இரண்டு பேர் உட்கார்ந்திருப்பது இங்கிருந்து தெரியாது. உட்கார்ந்திருப்பார்கள். ஜான்பீட்டரின் விரல் லேப்டாப் மேல் காத்திருந்தது.

"எதைப் போடட்டும் மணி?"

மணிவண்ணன் முற்றத்தின் கடைசியைப் பார்த்தான். தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள்.

"அதையேதாங்க சார். மொதல்ல இருந்து."

"லாரியா?"

"ஆமாங்க."

யுவராஜ் தலையில் கை வைத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போனான். தாளம் மறுபடி விழுந்தது. இந்த முறை மணிவண்ணன் திரைக்காகக் காத்திருக்கவில்லை. முதல் வரி நீலத்தோடு சேர்ந்து போனது. இரண்டாம் வரியில் அவன் வாய் கொஞ்சம் முன்னால் இருந்தது. பல்லவி திரும்பி வந்தபோது கால் தானாகத் தரையைத் தட்டியது. ஏணியில் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. ஆடினான். சமையல்காரர் கரண்டியோடு வாசலுக்கு வந்து நின்றார். பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். சோகப் பாட்டுக் கேட்க வந்தவரின் மனைவி கணவனைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கைதட்டத் தொடங்கினாள்.

இரண்டாம் சரணத்தில் அக்கரை லைட் அணைந்தது.

அவன் பார்த்தான். வாய் நிற்கவில்லை. நிறுத்தினால் அடுத்த சனிக்கிழமை இதைத் திரும்பத் தொடங்க முடியாது என்று தெரிந்தது. அங்கே இரண்டு பேர் இன்று சாப்பிடாமல் படுப்பார்கள் என்பதும் தெரிந்தது. அந்த இருட்டைப் பார்த்தபடியே பாடினான். வார்த்தைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன.

"முந்தறே, மணி, முந்தறே" என்று ஜான்பீட்டர் கையைத் தூக்கிக் காட்டினார். கையை இடுப்பு உயரத்தில் கவிழ்த்துக் காட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரியாது.

முந்திப் போகிறோம் என்று அவனுக்கும் தெரிந்தது. போனான். கடைசிச் சரணத்தை ஒரே மூச்சில் ஓடிக் கடந்து, கடைசி வார்த்தையைப் போட்டுவிட்டு நின்றான். கூட்டம் கைதட்டியது. சிலர் எழுந்தே விட்டார்கள்.

தாளம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் அவன் பாடி முடித்த கடைசி வரி வெள்ளையாகவே இருந்தது. அது நீலமாகி முடியும்வரை மைக்கைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான்.